எய்னார் பார்த்த வெளிச்சமும் எங்கள் டெலிபோன் கம்பியும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் டெலிபோனில் பேசுவதை இன்னொருவர் ஒட்டுக்கேட்கும் வழக்கம் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மூக்கு விடைக்க மறுப்பார்கள். ஒரே கம்பியில் ஒரு டஜன் பண்ணை வீடுகள். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்கும். இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் என் அண்ணன் எய்னார் வீடு, மூன்று குட்டை என்றால் ஹெக்லாண்ட் வீடு. தன் வீட்டு மணி இல்லையென்றால் காதைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் மரியாதை. எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்களாம், சொல்லிக்கொள்கிறார்கள்.

நான் கேட்பேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வட டகோட்டாவின் குளிர்காலத்தில் ஸிகுர்ட் போன்ற ஒரு மனுஷனோடு ஒரே கூரைக்கடியில் இருந்து பாருங்கள், அப்புறம் என்னைப் பேசுங்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். ரிசீவரை மெதுவாகத் தூக்கி, பேசுகிற குழாயை ஏப்ரனால் மூடிக்கொண்டால் போதும், ஊரே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு தொல்லை. தூக்குகிற ரிசீவர் கூடக் கூட, கம்பியில் வருகிற குரல் இளைத்துக்கொண்டே போகும். பேசுகிறவர் ஈனஸ்வரத்தில் முனகினால், உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீடு நிறையக் கூட்டம் என்று அர்த்தம்.

யார் யார் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். லென்னார்ட் மோ வீட்டில் சுவர்க்கடிகாரம் நொண்டும். கோரா ஹெக்லாண்ட் வீட்டில் கானரிக் குருவி. அந்தக் குருவிக்கு நேரங்காலம் தெரியாது, யாராவது ரகசியம் பேசும்போதுதான் அதற்குப் பாட்டு வரும். கோரா யார் தெரியுமா? ஸ்கூல் போர்டு தலைவி. தேவாலயத்தில் முன்வரிசை. ஒட்டுக்கேட்பது பாவம் என்று பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவள். அவள் பேசி முடித்ததும் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். குருவியைப் பற்றி ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. அதுதான் எங்கள் பக்கத்து நாகரிகம்.

ரஷ்யாக்காரன் ஒரு உலோகப் பந்தை மேலே விட்டு, அது பீப் பீப் என்று கத்திக்கொண்டு உலகத்தைச் சுற்றிய வருஷம் அது. அதுவரைக்கும் மழை வருமா வராதா என்று மட்டும் வானத்தைப் பார்த்த ஜனங்கள், அந்த இலையுதிர்காலம் முழுக்கக் கழுத்து வலியோடு அலைந்தார்கள். எய்னார் மட்டும் அலையவில்லை. அவனுக்கு நேரமில்லை. காலையிலும் மாலையிலும் ஸ்கூல் பஸ் ஓட்டுவான், நடுவில் மாடு, நிலம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா அம்மா இருந்த வீட்டில் ஒண்டியாகக் கிடந்தான். பெரியவர்களிடம் பேசச் சொன்னால் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றுவான். பிள்ளைகளிடம் மட்டும் எங்கிருந்துதான் பேச்சு வருமோ! எந்தக் குழந்தையின் கையுறை எது, எதற்குக் காது வலி, எது பரீட்சையில் கோட்டை விட்டது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்தப் பஸ்தான் அவன் குடும்பம் என்று நான் சொன்னால் ஸிகுர்ட்டே தலையாட்டுவார்.

ஒரு புதன்கிழமை, பொழுது சாய்ந்த நேரம். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். மணி நீளமாக ஒரு தடவை அடித்தது. யாரோ டவுன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிறார்கள். தூக்கினேன். தூக்காமல் இருக்க நான் என்ன கல்லா?

“ஷெரீஃபா? எய்னார் பேசறேன்,” என்றது என் அண்ணன் குரல். அவன் டெலிபோனைத் தொட்டே வருஷக்கணக்காகியிருக்கும். “பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கினேன். களஞ்சியத்துக்கு மேல ஏதோ நிக்குது.”

“என்னது?”

“தெரியல. எங்கம்மாவோட கிரீம் கிண்ணம் இருக்கில்ல, அதைக் கவுத்து வச்ச மாதிரி. அந்த நெளிஞ்ச கிண்ணம். ஓரமெல்லாம் ஆரஞ்சா ஒரு வெளிச்சம். சத்தமே இல்ல. மாடெல்லாம் அண்ணாந்து பாக்குது.”

“எத்தனை கிளாஸ் ஆச்சு எய்னார்?”

“ரெண்டு,” என்றான். கொஞ்சம் யோசித்து, “காபி,” என்றான்.

ஷெரீஃப் சிரித்த சிரிப்பு எனக்கே எரிந்தது. “இப்ப மெதுவா ஹெக்லாண்ட் நிலத்துப் பக்கம் நகருது,” என்று எய்னார் சொன்னபோது அவன் குரல் நூலாக இளைத்துப் போயிருந்தது. அப்புறம் கடகடவென்று ரிசீவர்கள் விழுகிற சத்தம். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். நானும் ஓடினேன். என் ஜன்னலுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே எங்கள் மாட்டுத் தொழுவம் நிற்கிறது. அதை அங்கே கட்ட வேண்டாம் என்று ஸிகுர்ட்டிடம் தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டாரா? உலகத்திலேயே பெரிய அதிசயம் என் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, நான் பார்த்தது தகரக் கூரையை.

ஷெரீஃப் வாய் சும்மா இருக்குமா? வார முடிவில் மாவட்டப் பத்திரிகையில் வந்துவிட்டது. பத்திரிகைக்காரன் வீடு வீடாகப் போனான். லென்னார்ட் மோ பசுவைப் பார்க்கத் தற்செயலாக வெளியே வந்தாராம், தற்செயலாக மேலே பார்த்தாராம். அவர் மச்சான் தற்செயலாக விறகு எடுக்க வந்தாராம். ஆறு பேர், ஆறு தற்செயல். ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: கவிழ்த்த கிரீம் கிண்ணம், ஓரத்தில் ஆரஞ்சு வெளிச்சம், ஒரு பக்கம் நெளிவு.

நெளிவு! அந்த நெளிவு எங்கள் அம்மா கிண்ணத்தில் இருப்பது. முன்னொரு காலத்தில் ஒரு கன்றுக்குட்டி மிதித்து வந்த நெளிவு. எய்னார் எந்தக் கிண்ணம் என்று அடையாளம் சொன்னானே தவிர, வானத்தில் நின்றது நெளிந்திருந்தது என்று சொல்லவே இல்லை. இந்த மகாராஜன்கள் கேட்டதையும் பார்த்ததையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கோராவும் பத்திரிகைக்காரனிடம் பேசினாள். “நான் ஒண்ணும் பாக்கல. எனக்கு வானத்தைப் பாக்கற வேலையும் இல்ல,” என்றாள்.

அதோடு விட்டாளா? அடுத்த வாரம் ஸ்கூல் போர்டு கூட்டம் போட்டாள். எய்னார் தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றானாம்.

“இதுல பகை ஒண்ணும் இல்ல எய்னார். விமானப்படைல இருந்து ஆள் வராங்களாம். அவங்க என்ன சொல்றாங்களோ சொல்லட்டும். நீ இல்லாததைப் பாத்தேன்னோ, கதை கட்டினேன்னோ அவங்க முடிவு பண்ணிட்டா, பிள்ளைங்களை உன் கைல எப்படிக் குடுக்கறது? அதுவரைக்கும் பஸ் ஸ்கூல்ல நிக்கட்டும், வேற ஆள் ஓட்டட்டும்.”

“சரி,” என்றான் எய்னார். அவ்வளவுதான். சண்டை போடத் தெரியாத பிறவி. நான் அங்கே இருந்திருந்தால் கோராவின் தொப்பிப் பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்திருப்பேன்.

அன்றிலிருந்து காலையில் பஸ் வருகிற நேரத்துக்கு எய்னார் தன் வீட்டு முனையில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றான். தபால் மதியம்தான் வரும். பஸ் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கையாட்டும். இவனும் ஆட்டுவான். பஸ் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கை மேலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு நான் ரொட்டி மாவை அடித்த அடியில் ஸிகுர்ட் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

விமானப்படையிலிருந்து வந்தவர் கேப்டன் விட்லாக். பறக்கும் தட்டு விசாரணைக்காரர் என்றால் நான் ஏதோ கழுகு மூக்கோடு ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவருக்கு ஜலதோஷம். சளியை உறிஞ்சிக்கொண்டே வீடு வீடாகப் போனார். ஆளுக்கு ஒரே கேள்விகள்தான்: எந்தத் திசை, எவ்வளவு நேரம், கையை நீட்டிப் பிடித்தால் எவ்வளவு பெரிசு? பட்டாணியா, காசா, ஆரஞ்சுப் பழமா?

“டர்னிப்,” என்றாராம் லென்னார்ட்.

“டர்னிப் என் பட்டியல்ல இல்லையே சார்.”

“அது உங்க பட்டியலோட குறை. நான் பாத்தது டர்னிப் கிழங்கு அளவு. அதுவும் இந்த வருஷத்து டர்னிப் இல்ல, போன வருஷத்து டர்னிப். இந்த வருஷம் மழை இல்ல.”

இதை லென்னார்ட்டே கம்பியில் தன் மச்சானிடம் சொன்னார். கேட்ட எங்கள் எல்லாருக்கும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

கடைசியாக எய்னாரைப் பார்த்துவிட்டு, கேப்டன் என் வீட்டுக்கு வந்தார். சகோதரி என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்றுதான். காபி கொடுத்தேன். புளிப்பான ருபார்ப் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட பை ஒரு பெரிய துண்டு வைத்தேன். சாப்பிட்டதும் மனுஷனுக்கு நாக்கு இளகியது.

“பத்து வருஷமா அரசாங்கம் இதை விசாரிக்குதும்மா. இதுவரைக்கும் வேலையோட பேரை ரெண்டு தடவை மாத்தினாங்க. வேலை மட்டும் மாறல. எங்கயாவது ஒருத்தர் எதையாவது பாப்பாரு, நான் போய் அவர் வீட்டுப் பலகாரத்தைச் சாப்பிட்டுட்டு, அது வெள்ளி கிரகம்னு சொல்லிட்டு வருவேன்.”

“எல்லாமே வெள்ளி கிரகமா?”

“இல்ல இல்ல. பலூனும் உண்டு. வாத்துக் கூட்டம் உண்டு. ஒரு தடவை சலவைக்காரர் கொடியில போட்ட போர்வை. விளக்கம் கிடைக்காத கேஸ்னு சிலது இருக்கு. வருஷா வருஷம் அதைக் குறைங்க குறைங்கன்னு மேல இருந்து சொல்லிட்டே இருக்காங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “உங்க அண்ணன் நல்ல மனுஷரா தெரியறாரு. ஆனா இது வெள்ளி கிரகம் இல்லம்மா. இது பேசி வச்சது.”

“என்னத்தப் பேசி வச்சாங்க?”

“ஆறு வீடு. வீட்டுக்கு வீடு ஒரு மைல் தூரம். யாரும் யாரையும் அன்னிக்குப் பாக்கல, பேசலன்னு ஆறு பேரும் அடிச்சுச் சொல்றாங்க. ஆனா ஆறு பேரும் அச்சடிச்ச மாதிரி அதே கிரீம் கிண்ணம்ங்கறாங்க. சரி, கிண்ணம் போகட்டும். நெளிவு! மூணு மைல் தள்ளி இருக்கற மனுஷனுக்கு இருட்டற நேரத்துல நெளிவு எப்படித் தெரியும்? இருபது சாட்சி விசாரிச்சா இருபதும் வேற வேற சொல்லும், அதான் உண்மையான சாட்சி. இது பாடம் பண்ணது. யார் பாடம் சொல்லிக் குடுத்தா? முதல்ல சொன்னது உங்க அண்ணன்.”

அடப்பாவிகளா! அண்ணனுக்கு ஒத்தாசை செய்கிறோம் என்று வந்த ஆறு பேரும் சேர்ந்து அவனைக் குழியில் தள்ளியிருக்கிறார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் முடிச்சு அவிழும். ‘ஒட்டுக்கேட்டோம்’. அதைச் சொல்ல ஒரு ஜீவனுக்கும் நா எழவில்லை. பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று அரசாங்கத்திடம் சொல்லத் துணிந்தவர்களுக்கு, ரிசீவரைத் தூக்கினேன் என்று சொல்லத் துணிவில்லை!

நானே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் நான் சொன்னால் என்ன ஆகும்? தங்கை அண்ணனைக் காப்பாற்றக் கதை விடுகிறாள் என்பார். மற்ற வீடுகளில் போய்க் கேட்டால், ‘ஒட்டுக்கேட்பதா? நாங்களா?’ என்று மூக்கு விடைப்பார்கள்.

கேப்டன் எழுந்து கோட்டைப் போட்டார். “டவுனுக்குப் போய் ஓஹாயோல இருக்கற என் கர்னலுக்கு போன் பண்ணணும். ‘மோசடி’ன்னு முடிச்சிடுவேன். வருத்தம்தான்.”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. “டவுனுக்கு எதுக்கு சார்? இங்கேயே பேசுங்க. இதோ இருக்கு.” அவர் சரி என்று சொல்வதற்குள் நான் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். சாதாரணச் சுற்று இல்லை. சர்ச் தீப்பிடித்தால் எப்படிச் சுற்றுவோமோ அப்படி.

“எக்ஸ்சேஞ்சா? ஆல்வினா வீட்டுல இருந்து. விமானப்படைக் கேப்டன் ஓஹாயோவுக்குப் பேசணுமாம். எய்னார் விஷயமா,” என்று கடைசி வார்த்தையை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். அவர் காதுப் பக்கம் நெருங்கி நின்று, காய்ந்த தட்டுகளை மறுபடி துடைத்தேன்.

கர்னல் கிடைத்தார். “சார், விட்லாக் பேசறேன்… விட்லாக்… விட்லாக் சார்!” கேப்டன் கத்த ஆரம்பித்தார். “சரியா கேக்கலையா? இங்க லைன் மோசம் சார். கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரியா? ஆமா சார்.”

குரல் தேய்கிறது! என் நெஞ்சு குளிர்ந்தது. வாங்க, வாங்க எல்லாரும்.

“முடிஞ்சது சார். பேசி வச்ச கதை. ஆறு சாட்சியும் ஒரே பாடம். முதல்ல சொன்னது பஸ் டிரைவர், தனியா இருக்கற ஆள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாத்ததா…”

“புதன்,” என்றது கம்பி.

கேப்டன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். “சார், நீங்களா சொன்னீங்க?… செவ்வாய்க்கிழமை சாயங்காலம்…”

“புதன்கிழமைங்க,” என்றது அதே குரல், பொறுமை இழந்து. பின்னால் கடிகாரம் நொண்டியது. பாவம் லென்னார்ட்! மனுஷனால் எதையும் தாங்க முடியும், தப்பான தேதியை மட்டும் தாங்க முடியாது.

“ஆமா புதன்தான்,” என்றது இன்னொரு குரல். “பாட்டுப் பயிற்சி அன்னிக்கு.”

“யாரு? யார் லைன்ல?” என்று கத்தினார் கேப்டன்.

கம்பி செத்துப் போன மாதிரி ஆனது. அந்த நிசப்தத்தில் கோராவின் கானரி ஒரு பாட்டை ஆரம்பித்தது. நல்ல பாட்டு, நீளமான பாட்டு. முடிகிற மாதிரி தெரியவில்லை.

கேப்டன் ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தட்டைத் துடைத்தேன்.

“சார்,” என்றார் கர்னலிடம், தயங்கி. “கொஞ்சம் இருங்க சார்… இல்ல, கர்னல் சார், அது பறவைதான்… தெரியல சார். எப்படியும் அந்த டிரைவர் அன்னிக்குக் குடிச்சிருப்பான்னு நினைக்கறேன். அப்படின்னா…”

“அவன் குடிக்க மாட்டான்.”

கோரா! குருவிப் பாட்டுக்கு மேலே, பெண்கள் சங்கத்தில் பேசுகிற அதே கணீர்க் குரல். “நான் கோரா ஹெக்லாண்ட். ஸ்கூல் போர்டு தலைவி. எய்னார் என் பிள்ளைங்களையும் பஸ்ல கூட்டிட்டுப் போயிருக்கான், பேரப் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கான். காபியைத் தவிர அவன் எதையும் தொட்டதில்ல. குடிச்சான்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க.”

“அம்மா, நீங்க எப்படி இந்த லைன்ல…”

“கேட்டுட்டு இருந்தேன். வேற எப்படி?” அந்த வார்த்தைகளை வெளியே தள்ள அவள் எவ்வளவு சிரமப்பட்டாள் என்பது எனக்குக் கேட்டது. “எல்லாரும்தான் கேக்கறோம். எப்பவும் கேக்கறோம். அன்னிக்கு எய்னார் ஷெரீஃப்கிட்ட பேசினப்பவும் எல்லாரும் கேட்டோம். அவன் கிண்ணம்னா எல்லாருக்கும் கிண்ணம். யாரும் பாடம் சொல்லிக் குடுக்கல கேப்டன். எங்களுக்குக் காது நீளம், அவ்வளவுதான்.”

மடை உடைந்துவிட்டது. “நான் வெளிச்சம் பாத்தேன், நெளிவு பாக்கல,” என்றார் லென்னார்ட். “நெளிவு எய்னார் சொன்னது.” “நான் ஆரஞ்சா ஏதோ பாத்தேன். கிண்ணமான்னு சத்தியமா தெரியாது,” என்றது ஒரு குரல். “நான் ஒண்ணுமே பாக்கல. பாக்கலன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு,” என்றார் லென்னார்ட்டின் மச்சான். “அட துரோகி!” என்றார் லென்னார்ட். கர்னல் ஓஹாயோவில் விழுந்து விழுந்து சிரிப்பது கொசு ரீங்காரம் போலக் கேட்டது.

கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜலதோஷம் மறந்தே போயிருந்தது. “ஒரே ஒரு கேள்வி. தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்க. எய்னார் பேசறதைக் கேக்கறதுக்கு முன்னாடியே, தானா எதையாவது பாத்தவங்க யாராவது உண்டா?”

கடிகாரம் நொண்டியது. குருவி கூட நிறுத்திவிட்டது.

“நான்,” என்றாள் கோரா.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

“பூனையை வெளிய விட வாசல்ல நின்னேன். எய்னார் களஞ்சியத்துக்கு மேல வெளிச்சம் நின்னுச்சு. என் நிலத்துப் பக்கம் வந்துச்சு. உள்ள ஓடி வந்து ரிசீவரை எடுத்தேன். யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் எடுத்தேன். ஆனா எய்னார் ஏற்கெனவே பேசிட்டு இருந்தான். ஷெரீஃப் சிரிச்சதைக் கேட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்னு வச்சுட்டேன். அவனே வாங்கிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

எனக்குக் கண் கரித்தது. கோபத்திலா, வேறு எதிலா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் தொப்பிப் பூவைப் பிய்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போய்விட்டது.

“கோரா.”

அது எய்னார். எங்கள் கம்பியில் ஒட்டுக்கேட்காத ஒரே ஆள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த எய்னார்!

“அண்ணே, நீயுமா?” என்று நான் பேசுகிற குழாய்க்குள் கத்திவிட்டேன்.

“இன்னிக்கு மட்டும்தான்,” என்றான் சங்கடத்தோடு. “என்னைப் பத்தின்னு சொன்னியே.” அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டான். தொப்பி சுற்றுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. “நன்றி கோரா. அன்னிக்கு நான் பேசறப்ப குரல் ரொம்ப மெலிஞ்சு போச்சு. லைன் பழுதுன்னு நினைச்சேன். அப்ப… எல்லாரும் இருந்தீங்களா?”

“இருந்தோம்,” என்றார் லென்னார்ட் கடைசியில்.

“வானத்துல அப்படி ஒண்ணு நிக்குது, ஷெரீஃப் சிரிக்கறாரு, உலகத்துல நான் ஒருத்தன்தான் இருக்கேன்னு தோணிச்சு,” என்றான் எய்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”



மறுநாள் காலையில் கோரா தன் காரில் எய்னார் வீட்டுக்கு வந்தாள். அவனை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ் சாவியை அவன் கையில் வைத்தாள். அரசாங்கத்தின் முடிவு வரட்டும் என்று யாரோ போர்டில் முனகினார்களாம். “அரசாங்கம் மெதுவா வரட்டும்,” என்றாளாம் கோரா.

வந்தது, பனி விழுந்த பிறகு. கேப்டன் ‘மோசடி’ என்று எழுதவில்லை, மரியாதை தெரிந்த மனுஷர். ‘குடி’ என்றும் எழுதவில்லை. ஒரு ஊரே ஒரே நேரத்தில் வாயைத் திறந்து பேசிய பேச்சையெல்லாம் கேட்டு, ருபார்ப் பையும் தின்றுவிட்டு, அரசாங்கம் எடுத்த முடிவு: ‘போதிய தகவல் இல்லை’. லென்னார்ட் அதைக் கேட்டு மூன்று நாள் பொருமினார். டர்னிப் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் தகவல் போதவில்லையாம்!

எய்னார் பார்த்தது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்தது தொழுவத்துக் கூரை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. முதல் பெரும்பனி கொட்டிய காலையில், இருட்டு விலகுவதற்கு முன்னால், மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த வீட்டு மணியும் இல்லை, எக்ஸ்சேஞ்சுக்கும் இல்லை. வேண்டுமென்றே எல்லாருக்கும் அடித்த மணி. தூக்கினேன்.

“எய்னார் பேசறேன்,” என்றது குரல், யாரிடம் என்று இல்லாமல். “பஸ் பத்து நிமிஷம் லேட்டா வரும். மோ வீட்டுச் சின்னவனுக்கு ரெண்டாவது ஸ்வெட்டர் போடுங்க. வானத்துல ஒண்ணும் இல்ல.”

அவன் குரல் வார்த்தைக்கு வார்த்தை இளைத்துக்கொண்டே வந்தது. நொண்டிக் கடிகாரம் கேட்டது, கானரி கேட்டது, யாரோ காபியை உறிஞ்சுவது கேட்டது. கடைசியில் அவன் சொன்னது எனக்கே சரியாக விழவில்லை.

“சத்தமா பேசு எய்னார்,” என்றாள் கோரா. “எல்லாரும் இருக்கோம்.”